வரிசைக்கு ஒரு தையல்

நூல வெடுக்குன்னு இழுக்காதல, நான்தான் விட்டுத் தாரேன்லா. சொல்லிட்டு ஆள்காட்டி விரலக் கொஞ்சம் தளத்துனேன், உல்லன் நூல் நழுவிப் போச்சு, ஆசீர் அதைக் கொக்கியில சுத்தி வளையத்துக்குள்ள நுழைச்சு இழுத்தான், நாக்கு நுனிய வெளிய நீட்டிக்கிட்டு, சின்னதுல வீட்டுக்கணக்குப் போடும்போது நீட்டுவானே, அதே மாதிரி. நாப்பது வயசு ஆம்பள, என் தம்பி, மயில்கழுத்துக் கலர்ல குரோஷா போட்டுக்கிட்டு டயாலிசிஸ் கட்டில்ல படுத்துக் கிடக்கான். இடது கை கட்டில் ஓரத்துல அசையாமக் கிடக்கு. அதுல ரெண்டு தடி ஊசி, ரெண்டு குழாய், ஒண்ணுல ரத்தம் வெளிய போகுது, இன்னொண்ணுல சுத்தமாகி உள்ள வருது, நடுவுல அந்த மெஷின் அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு நிக்கு. அந்தக் கைய ஆட்டக் கூடாது. குரோஷாவுக்கோ ரெண்டு கை வேணும், ஒரு கை கொக்கியப் பிடிக்கணும், மத்த கை துணியையும் பிடிச்சுக்கிட்டு நூலையும் விரல்ல சுத்தி அளவா விட்டுக் குடுக்கணும். அதனால அவன் வலப்பக்கம் ஸ்டூலப் போட்டு உக்காந்து, அவன் வயித்துக்கு மேல என் வலது கைய நீட்டிக்கிட்டு இருக்கேன். என் வலது கைதான் அவனுக்கு இடது கை. மொத நாள் நர்ஸ் மேகலா பாத்துட்டு, "என்னக்கா, ரெண்டு பேருமாச் சேந்து ஒரு ஆளா?"ன்னு சிரிச்சா. ஆசீரும் சிரிச்சான். எனக்கு வயித்துக்குள்ள இடது பக்கமா, முதுகு ஓரத்துல, யாரோ விரல வச்சு அமுக்குன மாதிரி இருந்துச்சு. அங்கதான் இருக்கு அது. ரெண்டுல ஒண்ணு.

சவம், இந்த நெனப்பு. நூலப் பாரு சுகிர்தா, நூலப் பாரு. இது என்ன, நெட்டைத் தையல். ஸ்கூல்ல கைவேல டீச்சர் டிரெபிள்னு சொல்லுவாங்க, இவனுக்குப் புரியணும்னு நான் நெட்டைன்னு வச்சேன், அதுக்குக் கீழ உள்ளது குட்டை. எல்லாத்துக்கும் மொதல்ல ஒரு சுருக்கு, அந்தச் சுருக்குக்குள்ள இருந்து ஒரு வளையம், வளையத்துல இருந்து அடுத்த வளையம், இப்படியே போனா சங்கிலி. சங்கிலி மேல கொக்கியக் குத்தி நூல இழுத்து ரெண்டையும் ஒண்ணாக் கழிச்சா குட்டை. குத்துறதுக்கு முந்தி கொக்கியில நூல ஒரு சுத்து சுத்திக்கிட்டா நெட்டை. அவ்வளவுதான், இதுக்கு மேல குரோஷாவுல ஒரு ரகசியமும் கிடையாது, பூவும் இலையும் வலையும் எல்லாமே இதுக்குள்ளதான். ஆனா ஒண்ணு. எவ்வளவு பெரிய விரிப்புப் போட்டாலும் எந்த நேரமும் உயிரோட இருக்கது ஒரே ஒரு வளையந்தான், கொக்கியில நிக்கே, அது மட்டுந்தான். கொக்கிய உருவிட்டு நூலப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் வந்துரும். இதை அவன்கிட்ட சொன்னப்ப, "அப்ப என்னைய மாதிரிதான்"னுட்டு குழாயக் கண்ணால காட்டுனான். கிறுக்குப் பய. எதைச் சொன்னாலும் அங்க கொண்டு போயிருவான், அதுவும் சிரிச்சுக்கிட்டே. கோவமா நாலு வார்த்தை பேசுனான்னா எனக்கு எவ்வளவு நல்லா இருக்கும். "ஏ அக்கா, நூல ஏன் இப்படி இறுக்குத?"ன்னு கேக்கான். இறுக்கிட்டேன் போல. விரல் வெளுத்துப் போயிருக்கு. "கை வழக்கம் மாறிப் போச்சுல்லா, எனக்கே புதுசு"ன்னு சொன்னேன். பொய் எவ்வளவு லேசா வருது பாரு, நூல விட லேசா.

"இத யாருக்கா மொத மொத கண்டுபிடிச்சா?"ன்னு கேக்கான். வேர்த்திருக்கு, ஆனா குளிருதுன்னு காலுக்குப் போர்வை. நாலு மணி நேரம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கிடக்கவன் எதையாவது கேக்கத்தான் செய்வான். யாருன்னு தெரியாதுல, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. முன்ன துணிய வட்டச் சட்டத்துல மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால மேல இருந்து குத்திக் கீழ இருந்து நூல இழுத்துச் சங்கிலி போடுவாங்களாம், நம்ம நாட்டுலயும் சீனாவுலயும் இருந்துதான் அது வெள்ளக்காரன் ஊருக்குப் போச்சுன்னு டீச்சர் சொல்லுவாங்க. அப்புறம் யாரோ ஒருத்தருக்குத் துணி எதுக்குன்னு தோணிருக்கு. துணிய எடுத்துட்டாங்க, தையல் மட்டும் தானா நின்னுச்சு. "காத்துல போட்ட தையலா!"ன்னான் ஆசீர், கண்ண விரிச்சுக்கிட்டு. ஆமா, அப்படித்தான் வச்சுக்கோயேன். பேரு பிரெஞ்சுக்காரன் வச்சது, சின்னக் கொக்கின்னு அர்த்தம். பிறகு அயர்லாந்துல பஞ்சம் வந்துச்சு, உருளைக்கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளயே அழுகிப்போச்சு, ஊரே செத்துச்சு, அப்ப கன்னியாஸ்திரிமாரும் பெரிய வீட்டு அம்மாமாரும் பொம்பளைகளுக்கு இதைச் சொல்லிக் குடுத்தாங்க. ஒருத்தி ரோசாப்பூ போடுவா, ஒருத்தி இலை, இன்னொருத்தி எல்லாத்தையும் வலை போட்டுச் சேப்பா, அதை வித்து உயிர் பிழைச்சாங்க. நம்ம ஊருக்கு மிஷன் அம்மாமாரு கொண்டு வந்தாங்க, அதுதான் நம்ம கோயில்ல பீடத்துணிக்கு ஓரம். "எனக்குந்தான் உருளைக்கிழங்கு ஆகாது"ன்னான். அவனுக்கு உருளைக்கிழங்கு, வாழப்பழம், எளநி ஒண்ணும் ஆகாது, ஒரு டம்ளர் தண்ணி கூட நெனச்ச நேரம் குடிக்க முடியாது, அவன் பெண்டாட்டி பொன்மலர் அளந்து குடுப்பா, அவன் ஐஸ்கட்டிய வாயில அடக்கிக்கிட்டுக் கிடப்பான். எனக்கு அயர்லாந்துலயே மனசு நின்னுக்கிச்சு. அந்தப் பஞ்சத்துல ஒரு வீட்டுல கிழங்கு இருந்து, பக்கத்துக் குடிசையில தம்பி பட்டினின்னு தெரிஞ்சும், கதவச் சாத்திக்கிட்டு அவிச்சுத் தின்னவ ஒருத்தி இருந்திருக்க மாட்டாளா? இருந்திருப்பா. அவளும் மறுநாள் எல்லாரோடயும் உக்காந்து பூ போட்டிருப்பா. அந்தப் பூவுல என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. "இதுக்கு இன்னமும் மெஷின் கிடையாதுல, கையாலதான் போட்டாகணும்"னு பேச்ச மாத்துனேன். "போக்கா, கிட்னி வேலையவே மெஷின் செய்யுது, இதைச் செய்யாதாக்கும்"னான். அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

விளையாட்டில்ல, எனக்குத் தெரியும். இந்த மெஷின் நாளத் தள்ளிப் போடுதே தவிர ஒண்ணையும் சரிபண்ணல. அவனுக்கு இதயமும் லேசா வீங்கிருக்குன்னு போன மாசம் சொன்னாங்க. பொன்மலருக்குச் சுகர், அவ கிட்னி குடுக்க முடியாது. பிள்ளை பத்தாம் வகுப்பு. இறந்தவங்க கிட்ட இருந்து வரும்னு பேரு பதிஞ்சு வச்சிருக்கு, அது எப்ப வரும், யாருக்குத் தெரியும்? கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். அந்தச் சின்ன ரூம் ஞாபகத்துக்கு வருது, நீலத் திரை, மேசையில பிளாஸ்டிக்ல சிறுநீரகம் மாதிரி செஞ்சு வச்சது, கழட்டி மாட்டலாம். என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டாங்க, குடுக்க வாரவங்ககிட்ட தனியாத்தான் கேக்கணுமாம். டாக்டரம்மா மொதல்லயே சொல்லிட்டாங்க, பொருத்தம் நல்லா இருக்கும்மா, உங்க உடம்பும் நல்லா இருக்குன்னு. பிறகு கேட்டாங்க, "மனசாரத்தான் குடுக்கீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" ஆமான்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன், சத்தியமா. வந்தது என்னன்னா, எனக்குப் பயமா இருக்கு டாக்டர். அப்புறம் அழுக, அழுக, மூக்க ஒழுக விட்டுக்கிட்டு. மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. டாக்டரம்மா என் கையப் பிடிச்சு, "விருப்பமில்லாதவங்ககிட்ட நாங்க எடுக்க மாட்டோம்மா, பொருந்தலன்னு நாங்களே சொல்லிருவோம், வீட்டுல யாரும் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க"ன்னாங்க. நான் தலைய ஆட்டுனேன். பெரிய காரணம்னு ஒண்ணு இருந்தாத் தேவல. அம்மா ஆபரேஷன்ல போனான்னு சொல்லலாம்னு பாத்தா, அம்மா தூக்கத்துல நிம்மதியாப் போனா. பிள்ளைக சின்னதுன்னு சொல்லலாம்னா, ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. எங்க வீட்டுக்காரரு தடுத்தாருன்னு சொல்லலாம்னா, அந்த மனுஷன் குடுன்னுதான் சொன்னாரு. வெறும் பயம். கத்தி, அந்த மேசை, முழிக்காமப் போயிருவேனோங்கிற பயம். அன்னைக்கு வெளிய வந்து ஆஸ்பத்திரி கேன்டீன்ல உளுந்தவடை தின்னேன், சாம்பார்ல முக்கி. அப்படிப் பசிச்சுச்சு. அந்த வடை ருசியா இருந்ததத்தான் என்னால இன்னமும் பொறுக்க முடியல.

"வரிசை முடிஞ்சுட்டு, திருப்பணும்"ங்கான் ஆசீர். துணியத் திருப்பிக் குடுக்கேன். இங்கதான். இந்த ஓரத்துலதான் இருக்கு விஷயம். வரிசை முடிஞ்சு திருப்புனதும் மூணு சங்கிலி போட்டு உயரத்துக்கு ஏறணும், அந்த மூணு சங்கிலியே ஒரு நெட்டைத் தையலுக்குச் சமம். அடுத்த வரிசை முடியும்போது அதோட தலையிலயும் ஒரு தையல் போட்டாகணும். அது பாக்கத் தையல் மாதிரியே இருக்காது, ஓரத்துல நோஞ்சானா ஒட்டிக்கிட்டு நிக்கும், புதுசாப் போடுறவங்க எல்லாரும் அதைக் கவனிக்காம விட்டுருவாங்க. விட்டா வரிசைக்கு ஒரு தையல் குறையும். திருப்பிப் போட்ட மொத வரிசையிலயே இவன் விட்டான். நான் பாத்தேன். சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள, "அக்கா, ஒரு வரிசை முடிச்சிட்டேன்!"னு இவன் அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பாக்குற மாதிரி கத்துனான், பாவம், பயலுக்கு முகம் அப்படி மலந்திருந்துச்சு. சரி, அடுத்த வரிசையில சொல்லுவோம்னு இருந்தேன். அடுத்த வரிசையில பிரஷர் இறங்கி மயங்கிட்டான், மேகலா ஓடி வந்தா, அப்ப எங்க சொல்ல? அதுக்கு அடுத்து சொன்னா எல்லாத்தையும் பிரிக்கணும். இப்பச் சொன்னாப் பத்து மடங்கு பிரிக்கணும். ஒவ்வொரு தடவையும் இதை வீட்டுக்குக் கொண்டு போய் பீரோவுல வைக்கையில பாக்கேன், கீழ அகலமா, மேல குறுகி. ஓரத்துல ஒரு தையல ராத்திரியோட ராத்திரியாச் சேத்துப் போட்டுருவோமான்னு கூட நெனச்சேன். முடியாது, என் கை போட்டது தனியாத் தெரியும், அவன் தையல் தொளதொளன்னு இருக்கும், என் தையல் கஞ்சப் பிசினாறி மாதிரி இறுக்கம். ஆளுக்கு ஒரு கை. ஆளுக்கு ஒரு குணம்.

யாருக்குல இதுன்னு இத்தனை நாளாக் கேட்டதுக்குச் சிரிச்சு மழுப்பிக்கிட்டே இருந்தவன், இன்னைக்குத் தானாச் சொல்லுதான். "உனக்குத்தான்க்கா. சால்வை. டெஸ்டுக்குக் கூப்பிட்ட மறுநாளே ஓடி வந்தேல்லா, பொருந்தலன்னு சொன்னதும் எனக்கு மேல நீ அழுத. பெரியப்பா மக்கமாரு போனயே எடுக்கல. பொருந்தாததுக்கு நீ என்ன செய்வ, வந்தியே, அது போதாதா?" கொக்கியப் பாத்துக்கிட்டே பேசுதான், என்னையப் பாக்கல, வெக்கம். எனக்குத் தொண்டையில வடை. அன்னைக்கும் இவன்தான் என்னையத் தேத்துனான், இதே கட்டில்ல படுத்துக்கிட்டு, அழாதக்கா அழாதக்கான்னு. ஊரெல்லாம் சொல்லிட்டான், எங்க அக்கா ஓடி வந்தா, ஆண்டவருக்குத்தான் சித்தமில்லன்னு. ஆண்டவர் மேல கொண்டு போய் வச்சிட்டான் பழிய. கோயில்ல பாதிரி ஐயரு என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுனாரு, இந்தச் சகோதரியின் அன்பை நினைத்தருளும்னு, நான் முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு தரையப் பாத்தேன். எல்லாரும் நான் உருகி ஜெபிக்கேன்னு நெனச்சாங்க. ஐயோ, இவன் வாய யாராவது மூடுங்களேன். நூல மறுபடியும் இறுக்கிட்டேன், அந்த இறுக்கம் நூல் வழியா அவன் கொக்கிக்குப் போகுமே, போயிருக்கும்.

போகல. அவன் கவனம் வேற இடத்துல. "இரு, உன் தோளுக்குப் பத்துதான்னு பாப்போம்"னு கொக்கியோட துணியத் தூக்கி ஒத்தக் கையால என் தோள்ல விரிச்சுப் போட்டான். போட்டவன் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தான். கீழ் முனை என் முழங்கை வரைக்கும் அகலமா விழுது, மேல வர வரக் குறுகி கழுத்துக்கிட்ட கைக்குட்டை முனை மாதிரி நிக்கு. "என்னக்கா இது, கூம்பாட்டம் போயிருக்கு?" துணி ஓரத்தத் தடவிப் பாத்தான். "நான் எங்கயோ தப்பு விட்டிருக்கேன், இல்ல?" "வரிசைக்கு ஒரு தையல் விட்டுட்ட, கடைசித் தையல்." "நீ பாத்தியா?" பாக்கலன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனியில நிக்கு. "பாத்தேன்." "எப்ப இருந்து?" "மொத வரிசையில இருந்து." ஆசீர் சிரிக்கான். கோவப்படுவான்னு பாத்தா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கான், "ஏக்கா, சொல்லிருக்கலாம்லா?" "பிரிக்கணுமே. உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்..." "எனக்கா சங்கடம்? பிரிச்சா நூல் எங்க போயிரும், மறுபடி போட்டாப் போச்சு. நீ சொல்லாம இருந்ததாலதான் இவ்வளவு தூரம் வந்துட்டு." சொல்லிட்டுக் கொக்கிய உருவிட்டான். பதறிட்டேன். அந்த ஒத்த வளையம் வாயத் திறந்துக்கிட்டு நிக்கு, அவன் நூலப் பிடிச்சு இழுக்கான், பொட்டு பொட்டுன்னு ஒவ்வொரு தையலா விடுது, வரிசை வரிசையா. "நீ சுத்துக்கா"ங்கான். நான் உருண்டையாச் சுத்துதேன். பிரிச்ச நூல் நேரா இல்ல, இருந்த வளையத்தோட நெளிவெல்லாம் அதுல அப்படியே இருக்கு. ரெண்டு மாச வேலை, கண் முன்னால கரையுது, அவன் முகத்துல ஒரு வருத்தமும் இல்ல, அடுத்த தடவை நல்லா வரும்கிற ஆச மட்டும். அடுத்த தடவை. இவனுக்கு எத்தனை அடுத்த தடவை இருக்குன்னு யாரு சொல்ல? கடைசி வரிசையும் போச்சு. அடிச்சங்கிலியும் போச்சு. மொதச் சுருக்கு மட்டும் ஒரு முடிச்சா நின்னுச்சு, ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பிடிச்சிருந்தோம், லேசா இழுத்ததும் அதுவும் இல்லாமப் போச்சு. நடுவுல வெறும் நூலு.

"பொருந்துச்சுல." நான்தான் சொன்னேன். என் குரல் மாதிரியே இல்ல. "என்னது?" "எனக்கும் உனக்கும் பொருந்துச்சு. நல்லாப் பொருந்துச்சுன்னாங்க டாக்டரம்மா. நான்தான் பயந்துட்டேன். பொருந்தலன்னு சொல்லச் சம்மதிச்சது நான்தான். எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது." சிரிச்ச வாய் அப்படியே இருந்துச்சு, கண்ணு மட்டும் மாறிட்டு. இடது கைய அறியாம மடக்கிட்டான் போல, மெஷின் கத்த ஆரம்பிச்சுச்சு, மேகலா ஓடி வந்து, "அண்ணாச்சி, கைய ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்ல?"ன்னு குழாயச் சரிபண்ணி ஏதோ பட்டன அமுக்குனா. அவன் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே இருந்தான். திட்டுவான், திட்டுவான்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன், திட்டுல, ஏன் வாய மூடிக்கிட்டுக் கிடக்க, அக்காவா நீன்னு கேளு, வடை தின்னதையும் சொல்லுதேன், அதையும் சேத்துத் திட்டு. அவன் மடியில கிடந்த கொக்கிய எடுத்தான். நூல் நுனியத் தேடி எடுத்தான். நான் வழக்கம் போல வலது கைய அவன் வயித்துக்கு மேல நீட்டுனேன், துணி பிடிக்க, நூல் விட. அவன் அதைத் தொடல. நூல் நுனியப் பல்லால கடிச்சுக்கிட்டு, ஒத்தக் கையாலயே கொக்கிய வளச்சு மொதச் சுருக்கப் போடப் பாக்கான். நூல் வழுக்குது. மறுபடியும் கடிச்சு மறுபடியும் சுத்துதான். அதுவும் வழுக்குது. ஒத்தக் கையால வராதுல, எந்த ராசாத்திக்கும் வராது. அவன் நிறுத்தல. எச்சி ஒழுகி நூல் நனைஞ்சு போச்சு.

எனக்குப் பயம் போகல. சொல்லிட்டாப் போயிரும்னு நெனச்சேன், போகல, அப்படியேதான் இருக்கு, முதுகு ஓரத்துல அந்த விரல் இன்னும் அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கு. கத்தி அங்கதான் இருக்கு, மேசையும் அங்கதான். நீட்டுன கைய மடக்கவும் முடியல, நீட்டிக்கிட்டு இருக்கவும் வெக்கமா இருக்கு. மேகலா மெஷினப் பாத்து முடிச்சிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்புனா. நான் அவ கையப் பிடிச்சு நிறுத்துனேன். "டாக்டரம்மா மேலதான இருக்காங்க?" "இருக்காங்கக்கா, ஏன்?" "அன்னைக்கு நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன், அதை மாத்திச் சொல்லணும்." மேகலாவுக்குப் புரியல, சரின்னு தலைய ஆட்டிட்டுப் போனா. நான் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சேன். நூல் உருண்டைய அவன் மடியில வச்சேன். பல்லுல கடிச்ச நூலோட ஆசீர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்.